நூறு கேசட், நூறும் மோனோ: கேசட் போடப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

சென்னையில் கேசட் நகல் போட்டுத் தரும் ஒருவரிடம் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை இது. பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

எங்கள் ஊர் நாதஸ்வரச் செட்டைக் கோயில் மண்டபத்தில் வைத்துப் பதிவு செய்திருந்தோம். முதல் நாயனம் இடது பக்கம், இரண்டாவது வலது பக்கம், நடுவில் தவில், தாளம், பின்னால் சுருதிப் பெட்டி. கேசட்டாக வர வேண்டும் என்பது முதல் நாயனம் வாசித்த பெரியவரின் ஆசை, அவர் காரில் இன்னும் கேசட் டெக்தான்.

மாஸ்டருக்கு, அதாவது நகல் எடுக்கக் கொடுக்கும் மூலப் பதிவுக்கு, மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஆன்லைனில் ஏற்றிய ஃபைலை அப்படியே கொடுத்தால் கேசட் தாங்காது. வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஊர்ந்து போகிற நாடா, ட்ரெபிள் கூடினால் முதலில் அங்கேதான் திணறும், தாளத்தின் 'ஜிங்' நசுங்கி 'ச்சக்' ஆகிவிடும். அதனால் ஒலியின் உச்சங்களை அமுக்கி வைக்கும் லிமிட்டரைக் கழற்றி, தாளத்தை மட்டும் கொஞ்சம் அடக்கி, பக்கத்துக்கு ஒரே வேவ் ஃபைலாக, உருப்படிகளுக்கு நடுவில் விட வேண்டிய இடைவெளியையும் உள்ளேயே வைத்து 24 பிட்டில் எடுத்தேன். ஏ பக்கம் 28:40, பி பக்கம் 27:55. காலியாக ஓடும் நாடா பி பக்கக் கடைசிக்குப் போகட்டும் என்றுதான் ஏ பக்கத்தை நீளமாக வைத்தேன்.

பேசியது என்னவென்றால் குரோம் நாடா (சாதா நாடாவைவிட உசத்தி), ஸ்டீரியோ, ஒன்றுக்கு ஒன்று வேகத்தில், அதாவது கேட்கிற வேகத்திலேயே, நகல். "எதுக்கு தம்பி பென் டிரைவ் எல்லாம், எம்பி3யா வாட்ஸப்ல போட்டு விடுங்க" என்றார். அங்கேயே திரும்பி வந்திருக்க வேண்டும், வரவில்லை. சாம்பிள் கேட்டேன், "ஒண்ணுக்காக மெஷினை ஓட்ட முடியாதுங்க" என்றார். சரி என்று விட்டது என் முட்டாள்தனம்.

பெட்டி வந்தது. ஹெட்போனில் போட்டால் இரண்டு நாயனமும் மண்டைக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மோனோ, இடதும் வலதும் கலந்து ஒரே ஒலி! அது போதாதென்று இரண்டரைக் கட்டை நாயனம் சுருதி கால் கட்டை ஏறி ஒலிக்கிறது. ஏ பக்கத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 27:50-இல் முடிந்துவிட்டது. என் டெக்கில்தான் கோளாறோ என்று நண்பன் வீட்டிலும் போட்டுப் பார்த்தேன், அதே கதை.

விடாமல் நச்சரித்த பிறகு உண்மை வந்தது. என் ஃபைலை ஒரு பழைய டெக்கில் கேசட்டாக எடுத்திருக்கிறார், அந்த டெக் மெதுவாக ஓடுகிறது, மெதுவாக ஓடி எழுதியது சரியான வேகத்தில் ஓடும்போது ஏறித்தானே கேட்கும்? பிறகு அந்தக் கேசட்டைப் பிரசங்கம், சொற்பொழிவுக்கெல்லாம் நகல் போடுகிற 16 மடங்கு வேக மோனோ மெஷினில் தள்ளிவிட்டார். ஒரு பக்கம் முழுக்க இரண்டே நிமிடம். ஒன்றுக்கு ஒன்று வேகமாம்!

குரோமும் இல்லை. குரோம் கேசட்டின் முதுகில், அழிக்காமலிருக்க உடைத்துவிடுவோமே அந்தக் காதுகளை ஒட்டி, கூடுதலாக ஒரு பள்ளம் இருக்கும். இதில் வழவழவென்று மூடியிருக்கிறது. கேட்டால், "குரோம் நாடாவை சாதா கூட்டில் போட்டிருக்கு தம்பி." அப்படியும் ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகள் விற்றது உண்மைதான், அதனால் அந்த வாயை என்னால் அடைக்க முடியவில்லை.

நீங்கள் கொடுக்கிறீர்கள் என்றால் முன்பணத்துக்கு முன்னால் ஒரே ஒரு சோதனைக் கேசட் வாங்குங்கள். அதற்கென்று தனி ஃபைல் செய்யுங்கள்: இடது பக்கம் மட்டும் "இடது" என்று ஒரு குரல், வலது பக்கம் மட்டும் "வலது" என்று ஒன்று, பிறகு 20 வினாடிக்கு 1000 ஹெர்ட்ஸ் ஒலி. கேசட்டை ஓட்டி போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து பிடியுங்கள். எனக்கு வந்ததில் அது 1030 காட்டியிருக்கும். சோதனைக் கேசட் தர மாட்டேன் என்பவரிடம் மாஸ்டரையே கொடுக்காதீர்கள்.

பணத்தில் 5,000 திரும்பியது, மீதிக்கு இப்போது போனே எடுப்பதில்லை. பெரியவரிடம் ஒன்று கொடுத்திருந்தேன், காரில் கேட்டுவிட்டு, "வாசிப்பு என்னுதுதான், நாயனம் யாருதுப்பா?" என்றார். ராத்திரி ராத்திரியாக என் டெக்கிலேயே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்கு ஒரு மணி நேரம். இதுவரை ஒன்பது. முதல் கேசட் அவருக்குப் போய்விட்டது.