கசியோ 991இஎக்ஸ்: அந்த அடைப்புக்குறிக்காகவே வாங்கலாம்

களுவாஞ்சிக்குடிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறவன் நான். இந்தக் கல்குலேட்டரின் விலை கொஞ்சம் கடிதான். திரை நல்ல தெளிவு. சூரிய வெளிச்சத்திலும் பட்டரியிலும் ஓடும். மட்டக்களப்பு வெயிலுக்கு வேறென்ன வேணும்? நான் எழுத வந்தது ஃபக்ட் என்ற ஒரேயொரு வசதியைப் பற்றி.

எண்ணை அடித்துச் சமன் போட்டு, ஷிஃப்டோடு பாகை, கலைப் பட்டனைத் தட்டினால் முதன்மைக் காரணிகளாகப் பிரித்துத் தரும். 1014 என்றால் 2×3×13². இதற்கு மெஷின் எதற்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளை வாயாலேயே சொல்லும். 2³²+1 போடுங்கள். 4294967297. இது முதன்மை எண் என்று நம்பியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா. 641ஆல் பிரிபடும் என்று சுவிஸ் கணித அறிஞர் ஒயிலர் 1732இல் காட்டினார். கல்குலேட்டர் தருவது 641×(6700417).

"சேர், அடைப்புக்குறி வருது, பழுதா?"

பழுதில்லை மனே. மூன்று இலக்கத்துக்குள் உள்ள முதன்மைக் காரணிகளை மட்டும்தான் அது தேடும். அவற்றால் பிரித்த பிறகு வரும் மிச்சம் 1009²ஐ, அதாவது 1018081ஐ, எட்டிவிட்டால் உறுதி சொல்லாமல் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். 2²⁹−1க்கு 233×(2304167) வரும். அதற்குள் 1103, 2089 இரண்டும் ஒளிந்திருக்கின்றன. 6700417க்குள் ஒன்றும் இல்லை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி!

ஆக, மிச்ச வேலை நம்முடையது. 2³²+1இன் முதன்மைக் காரணி எதுவும் 128k+1 வடிவில்தான் இருக்கும் (k ஒரு முழு எண்). இதை 1878இல் காட்டியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா. 6700417இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். ஆயிரத்துக்குக் கீழே மெஷின் தேடி முடித்துவிட்டது. அதற்கு மேல் அந்த வடிவில் உள்ள முதன்மை எண்கள் 1153, 1409 மட்டும். 1153ஆல் வகுத்தால் மீதி 334, 1409ஆல் வகுத்தால் மீதி 622. இரண்டே வகுத்தல், 6700417 முதன்மை எண். கரும்பலகையில் இதை முடித்தபோது பின்வாங்கில் இருந்தவனும் கொப்பியைத் திறந்தான்.

2³¹−1 கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். 2147483647, அப்படியே முழுசாக அடைப்புக்குறிக்குள் வரும். அதன் வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரைக்கும் தேட வேண்டும். காரணிகள் 248k+1 அல்லது 248k+63 வடிவில்தான் இருக்க முடியும் என்பதால் 372 வகுத்தலுக்கு மேல் தேவையில்லை. ஒயிலர் 1772இல் இதை முதன்மை எண் என்று கையாலேயே முடித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு மெஷின் கையில் இருந்தும் ஒரு பின்னேரம் போதவில்லை.

குறை என்றால், பத்து இலக்கம்தான் எல்லை. 2³⁷−1 கேட்டால் கை விரித்துவிடும், அதில் 223 என்ற சின்னக் காரணி இருந்தும்கூட. மலிவான மொடல் வாங்குகிறவர்கள் ஃபக்ட் என்ற எழுத்து பட்டனுக்கு மேலே இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.