பழச்சுவை யோகட்டும் செங்கலடிச் சட்டித் தயிரும்

மட்டக்களப்பு நகரக் கடைகளின் குளிர்சாதனப் பெட்டியில் முன்வரிசையில் இருக்கும் ஸ்ட்ரோபெரிச் சுவை யோகட் ஒன்றையும், செங்கலடிப் பக்கம் வீதியோரக் கடையில் விற்கும் எருமைத் தயிரையும் எங்கள் வீட்டில் மாறிமாறி வாங்கி வருகிறோம்.

யோகட்டின் மூடி இறுக்கமானது; திகதி தெளிவாக இருக்கிறது; பழுதாகி வந்ததே இல்லை. ஆனால் பொருள் விபரத்தில் பாலுக்கு அடுத்ததாகச் சீனி, பிறகு ஜெலட்டின், நிறமூட்டி, சுவையூட்டி என்றிருக்கிறதே தவிர, பழம் எங்கும் இல்லை. (அந்த ஜெலட்டின் எந்த விலங்கினுடையது என்று முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியிலும் கேட்பார்கள், சைவ வீடுகளிலும் கேட்பார்கள்.) 100 கிராமுக்குச் சீனி 13 கிராம். 80 கிராம் கோப்பையில், பாலில் இயல்பாக உள்ளதைக் கழித்தாலும், சேர்த்த சீனி 7 கிராம் அளவில் நிற்கும். வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறும்போது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது சிறிய அளவல்ல. உணவுப் பொதிகளில் சீனி அளவைக் காட்டும் நமது நாட்டின் நிறக்குறியீட்டு முறையில், திண்ம உணவு 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு என்பதால், இந்தக் கோப்பை செம்மஞ்சளோடு தப்பிவிடுகிறது. சிவப்பை மட்டும் தேடும் பெற்றோர் நிம்மதியாக வாங்குகிறார்கள்.

பிரேசில் நாட்டின் கார்லோஸ் மொன்டெய்ரோ குழுவினர், உணவு எந்தளவு பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்து நான்காகப் பிரித்து வகுத்த நோவா முறையில் வெறும் தயிர் முதலாம் பிரிவிலும், நிறமும் சுவையும் ஊட்டிய இத்தகைய யோகட் நான்காம் பிரிவான அதிதீவிரப் பதப்படுத்தலிலும் சேரும். 2019 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் குழுவினர் 20 பேருக்கு இரண்டு வாரம் அத்தகைய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தபோது, சீனியும் கொழுப்பும் உப்பும் சமமாகப் பரிமாறப்பட்டிருந்தும், முதல்வகை உணவில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இப்படிக் கூடுதலாக உண்பதால் வரும் நோயின் செலவு கோப்பையில் அச்சிட்ட விலையில் சேர்வதில்லை. அரசாங்க வைத்தியம் இலவசம்தான். ஆனால் நீரிழிவு வந்தவர் மாதாமாதம் கிளினிக்கில் இழக்கும் நாட்கூலியை எவரும் திருப்பித் தருவதில்லை.

சட்டித் தயிரில் இருப்பது பாலும் உறையும் மாத்திரமே. மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் கரண்டி வைத்தால் அப்படியே வெட்டுப்படும்; மேலே மஞ்சள் படர்ந்த ஆடை, அடியில் இலேசான புகைவாசம். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் இருதய நோயாளர் அளவோடு உண்ண வேண்டும். திகதி கிடையாது என்பது மெய்யான குறை, கடைக்காரர் அதைத் திருத்தியே ஆக வேண்டும். இனிப்புப் பாணியை அள்ளி ஊற்றினால் யோகட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இராது. கதலி வாழைப்பழம் பிசைந்து கொடுத்தால் பிள்ளைகள் மறுப்பதில்லை.

காலையில் போய், அன்றைக்கு உறைந்த சட்டியைக் கேட்டு வாங்குங்கள். வெயில்படும் பலகையில் அடுக்கியிருப்பதையும், மோர்த்தண்ணி மிதப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.