யுஎஸ்பி புரோகிராமர் கிட் வாங்கப் போகிறீர்களா? என் 2,350 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

2,350 ரூபாய். ஐந்து கிட். ஒன்றுகூட உருப்படி இல்லை. மைக்ரோகண்ட்ரோலர், சென்சார் எல்லாம் ஆன்லைனில் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

செய்ய நினைத்தது யுஎஸ்பிஏஎஸ்பி, அதாவது கம்ப்யூட்டரின் யுஎஸ்பி வழியாக மைக்ரோகண்ட்ரோலர் சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவி. தாமஸ் ஃபிஷ்ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட டிசைன். ஒரு அட்மெகா8 மைக்ரோகண்ட்ரோலர் சிப், 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், டேட்டா லைன் இரண்டிலும் 68 ஓம் ரெசிஸ்டர், வோல்டேஜை மட்டுப்படுத்தும் 3.6 வோல்ட் ஜீனர் டையோடு, இன்னும் சில சில்லறைப் பாகங்கள், அவ்வளவுதான். ரெடிமேடாகவே மலிவாகக் கிடைக்குமே என்பீர்கள். தம்பி மகனும் அவன் கூட்டாளிகளும் கையால் சால்டர் செய்து பழகட்டும் என்றுதான்.

பணம் கட்டுமுன் போன் செய்தேன். எடுத்தவர் விஷயம் தெரிந்தவர். "யுஎஸ்பிஏஎஸ்பி தானே சார்? முதல் தடவை சிப்புல ஃபர்ம்வேர் ஏத்த இன்னொரு புரோகிராமர் வேணுமே, அர்டுயினோ யூனோ ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று அவரே கேட்டார். ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஓடும் புரோகிராம். அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. விற்பதில் மட்டும் குறியாக இருப்பவன் இதையெல்லாம் கேட்பானா? "சிப் எல்லாம் ஒரிஜினல் சார், டெஸ்ட் பண்ணித்தான் பேக் பண்றோம்" என்றார். அங்கேயே 2,350 ரூபாயை அனுப்பினேன்.

பார்சல் வந்தது. யூனோ போர்டை இணைத்து, ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளில் சிப்பைப் படித்தேன். அட்மெகா8 என்றால் சிக்னேச்சர், அதாவது சிப்புக்குள் இருக்கும் அடையாள எண், 93 07 என்று முடிய வேண்டும். மூன்று சிப்பில் 92 05. அது அட்மெகா48! நினைவகம் 8 கேபி இல்லை, 4 கேபி. மீதி இரண்டில் வெறும் பூஜ்யம். அசிட்டோன் நனைத்த பஞ்சால் மேலே துடைத்தால் கறுப்புப் பூச்சு பஞ்சோடு வருகிறது, அடியில் தேய்த்த கோடுகள்.

என்னிடம் இருந்த பழைய அட்மெகா8-ஐ அதே சாக்கெட்டில் போட்டேன். அது ஒழுங்காகப் படித்தது, ஃபர்ம்வேரும் ஏறியது. ஆனால் யுஎஸ்பியில் செருகினால் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜீனரை அளந்தால் 5.1 வோல்ட். டேட்டா லைன் வோல்டேஜை 3.6 அளவில் அடக்கி வைக்க வேண்டிய ஜீனர் அது. 5.1 இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "வயரிங்கை செக் பண்ணுங்க சார்." படம் அனுப்பினேன். "ஃபியூஸ் பிட்டைத் தப்பா போட்டிருப்பீங்க." ஃபியூஸ் என்பது சிப்பின் செட்டிங்; அதைத் தப்பாகப் போட்டால் சிப் பதில் சொல்லாமல் போகலாம். அட்மெகா8 எப்படி ஐயா அட்மெகா48 ஆகும்? இதைக் கேட்டதும் பேச்சு மாறியது. பார்சல் பிரித்த வீடியோ இருக்கிறதா என்றார்கள். சால்டர் செய்த பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். சிப் சாக்கெட்டில் இருக்கிறது, சால்டர் அதன்மேல் படவே இல்லை! கடைசியாக, "மேனேஜர் கூப்பிடுவார்." எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை. அன்று அவ்வளவு அக்கறையாகப் பேசியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

சரி, பார்க்க வேண்டியவை. பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். சிப்பை நேரடியாக போர்டில் சால்டர் செய்யாதீர்கள், முதலில் சிக்னேச்சர் படியுங்கள். ஜீனரை அளந்துவிட்டு மாட்டுங்கள். டெஸ்ட் செய்தோம் என்றால் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். இதற்குமேல் எழுதப் பொறுமை இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். 2,350 ரூபாயும் கைக்கு வரும்வரை விடுவதாக இல்லை.