மனநல விழிப்புணர்வு வகுப்பு: கொங்கு ஊர்களில் எது பலிக்கிறது, எது வீண்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மகளிர் குழுவுக்கோ மில்லுக்கோ மனநல விழிப்புணர்வு வகுப்பு வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான் வந்து சேரும். ஒன்றரை மணி நேரம், ஒரு பட ஏடு, ஒருவர் உரை, சில இடங்களில் வீதி நாடகம், கடைசியில் கைச்சீட்டும் டீயும். இதில் பாதியைக் கழித்துவிட்டு வேறு இரண்டைச் சேர்த்தால்தான் அந்த நேரத்துக்குப் பயன் உண்டு.

கழிக்க வேண்டியதில் முதலாவது, நோய்ப் பெயர்ப் பட்டியல். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்று வரிசையாக ஒப்பித்தால், கேட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு புதுப் பட்டப்பெயரோடு வீடு திரும்புவார்கள். ‘எல்லாம் மூளை ரசாயனம்’ என்று மட்டும் சொல்லி முடிப்பதும் ஆபத்து. “அப்ப மாறவே மாறாதுங்களா?” என்ற அவநம்பிக்கைதான் மிஞ்சும். நாடகம் என்றால் வசனத்தை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். கிழிந்த சட்டை, கலைந்த தலை என்று ஒரு வேடம் வந்து கூட்டம் சிரித்துவிட்டால், அந்த ஊரில் வைத்தியம் எடுத்துக்கொண்டிருப்பவர் இன்னும் ஒளிந்துகொள்வார்.

சேர்க்க வேண்டியது, நோயிலிருந்து மீண்ட ஒருவர் நேரில் வந்து பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவது. மனநோய் வந்தவரை இழிவாகப் பார்க்கும் களங்கம் குறைய இதுவே அதிகம் உதவுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பேசுபவர் கேட்பவர்களைப் போன்றவராக இருக்க வேண்டும்: தறி ஓட்டுபவர்களுக்குத் தறிக்காரர், பனியன் கம்பெனிக்கு டெய்லர். எப்படித் தொடங்கியது, வீட்டில் என்ன நினைத்தார்கள், டாக்டரிடம் போக எத்தனை மாதம் ஆனது, இப்போது என்ன வேலை செய்கிறார் என்ற நான்கும் போதும். எதைச் சொல்லக் கூடாது என்பதை அவரே முடிவு செய்யட்டும். போட்டோ, வாட்ஸ்அப் வீடியோ கூடவே கூடாது. அவர் விரும்பினால் ஒழிய, சொந்த ஊரில் பேச வைக்காதீர்கள். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கொடுங்கள். “பாவம், இவர் எவ்வளவு கஷ்டப்பட்டார்” என்று அறிமுகப்படுத்தினால் பலன் அங்கேயே கெட்டுவிடும்.

அடுத்தது கேள்வி நேரம். அரை மணியாவது வேண்டும். பெரும்பாலும் ஐந்து நிமிடம்தான் விடுகிறார்கள். எங்கே போனாலும் வருகிற கேள்வி: “ஏனுங்க, மாத்திரை ஒருக்கா ஆரம்பிச்சா உட முடியாதுங்களா?” மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாளில் குமட்டல், வயிற்றுக் கோளாறு வரலாம். பலன் வரும் முன்னே தொந்தரவு வருவதால்தான் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடும் அபாயம் சில வகைத் தூக்க மாத்திரைகளுக்கு உண்டு. எல்லா மாத்திரையையும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்தான் இந்தப் பயம் பிறக்கிறது. இதை விளக்காத பட ஏடு எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் 5-க்கு 2 மதிப்பெண்தான்.

“கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்” என்ற பேச்சை யாராவது எடுக்காவிட்டாலும் வகுப்பு நடத்துபவரே எடுக்க வேண்டும். கல்யாண அலைச்சலில் தூக்கம் கெடும், மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரை நிற்கும், நோய் திரும்பும். மந்திரிப்பதையும் கயிறு கட்டுவதையும் கிண்டல் செய்தால் பாதிப் பேர் காதை மூடிக்கொள்வார்கள். “சாமி கும்பிடுங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க” என்பது போதும். ஆனால் சங்கிலியால் கட்டுவதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

தற்கொலை பற்றிப் பேச வேண்டாம் என்று சில மில் நிர்வாகங்கள் கேட்கும். ஒப்புக்கொள்ளாதீர்கள். “சாகலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. விவசாய ஊர் என்றால், பூச்சி மருந்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று, தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே 2017 மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவரைத் தண்டிக்க வழி செய்த பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

இந்த வகுப்புகளின் பெரிய குறை, ஆண்கள் இல்லாதது. நாட்டில் தற்கொலையால் இறப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். வகுப்பிலோ முழுக்க மகளிர் குழு. ஆண்களை மண்டபத்துக்கு அழைத்தால் வர மாட்டார்கள். தறிக்குடோனில் ஷிப்ட் மாறும்போது, மாட்டுச் சந்தையில் வியாபாரம் ஓய்ந்த பிறகு இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். குடியில் தொடங்கினால் பேச்சு தானாகத் தூக்கத்துக்கும் கடனுக்கும் வந்துவிடும்.

கைச்சீட்டில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை) எண் இருக்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நல்ல சேவைதான், ஆனால் எண்ணை மட்டும் அச்சடித்தால் யாரும் அழைப்பதில்லை. முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், பிறகு ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மேலே உள்ள நிபுணருக்கு இணைப்பார் என்று வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தால், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் பார்க்கும் கிழமை, அறை எண், போகிற பஸ் ஆகியவற்றை அந்த ஊருக்கென்றே எழுதிக் கொடுங்கள். கிழமையை முந்தின வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டு உறுதி செய்யுங்கள். முதல் தடவை வேலையை விட்டுப் போய் டாக்டர் இல்லையென்று திரும்பியவர் மறுபடி போக மாட்டார்.

ஒரே தடவை நடத்துபவரை அழைக்காதீர்கள். நாலு வாரம் கழித்து அதே ஆட்களிடம் திரும்பி வருவேன் என்று ஒப்புக்கொள்பவரிடம் மட்டும் தேதி வாங்குங்கள். தனியாக ஒதுங்கி நின்று, “எங்க வீட்லயும் ஒருத்தருக்கு...” என்று தொடங்குகிறவர் பெரும்பாலும் அந்த இரண்டாவது தடவைதான் வாய் திறக்கிறார்.