இரண்டு திருகுகளில் அடங்கும் இனிப்பு: ஃபவுண்டன் குளிர்பான இயந்திரம் பற்றி

தொடுதிரை வைத்த புதிய இயந்திரங்களை விட்டுவிட்டு, வால்வின் முகப்பு மூடியைக் கழற்றினால் இரண்டு திருகுகள் தெரியும் வழக்கமான ஃபவுண்டன் இயந்திரத்தையே, அதாவது சிரப் எனும் கெட்டிப் பாகையும் சோடாவையும் கலந்து வால்வு வழியே கோப்பையில் ஊற்றும் இயந்திரத்தையே, இங்கே மதிப்பிடுகிறேன். ஒரு திருகு சோடாவின் ஓட்டத்தையும் மற்றொன்று சிரப்பின் ஓட்டத்தையும் கட்டுப்படுத்துகிறது. கோலா போன்ற பானங்களுக்கு 5 பங்கு சோடாவுக்கு 1 பங்கு சிரப் என்பது பரவலாக வழங்கும் அளவு. அதை நாமே கூட்டவும் குறைக்கவும் முடிவது இதன் பெரிய வசதி.

வசதி இருந்தாலும் திருகுகளில் எண்ணோ கோடோ கிடையாது என்பதால், இரண்டு அறைகள் கொண்ட அளவுக் கோப்பை இல்லாமல் கை வைக்கவே கூடாது. சிரப்பைத் தனியே பிரித்துவிடும் சிறு குழாயை வால்வில் பொருத்தி, சிரப் ஓர் அறையிலும் சோடா மற்றோர் அறையிலும் விழும்படி பிடிக்க வேண்டும். அறைகளின் அகலமே விகிதத்துக்கு ஏற்ப அமைந்திருப்பதால், இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் அளவு சரி. முதலில் சோடாவின் வேகத்தை நிலைப்படுத்திவிட்டு, அதன் பிறகே சிரப்பின் திருகைத் தொட வேண்டும். சர்க்கரையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரும் உதவும். ஆனால் அதில் சோதிக்கும் முன் பானத்திலுள்ள வாயுவைக் கலக்கி வெளியேற்றிவிட வேண்டும். சர்க்கரையில்லா டயட் வகைகளுக்கு அக்கருவி பயன்படாது, கோப்பைதான் கதி.

இயந்திரம் நன்றாகக் குளிர்ந்த பிறகே இவற்றையெல்லாம் செய்ய வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். குளிர் குறைந்தால் சோடாவில் வாயு தங்காமல் நுரையாகப் பொங்கிப் போகும். வாயுவின் உறைப்பும் குளிர்ச்சியும் இல்லாத பானம், சிரப் கூடாமலேயே திகட்டும். அதைச் சிரப்பின் குற்றமென்று எண்ணித் திருகைக் குறைத்துவிட்டால், இயந்திரம் குளிர்ந்ததும் அதே பானம் சப்பென்றாகிவிடும்.

இதன் உண்மையான குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. இனிப்பு, புளிப்பு, மணம் மூன்றும் ஒரே சிரப்பில் கலந்து வருவதால், இனிப்பை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை. ஐந்தரைக்கு ஒன்று வரை போனால் பலருக்கும் வேறுபாடு தெரியாது. ஆறைத் தாண்டினால் எலுமிச்சை வகைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கோலாவோ நிறம் மட்டும் மிஞ்சிய தண்ணீராகிவிடும் என்பது என் நாக்கின் தீர்ப்பு. சிரப் மிச்சமாகும் ஆசையில் திருகை இறுக்கும் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் உருகும் ஐஸ் அதை மேலும் நீர்க்கச் செய்கிறது.

வாடிக்கையாளர் தாமே பிடித்துக்கொள்ளும் இடங்களில் வெறும் சோடாவுக்கென்று தனி வால்வு இருந்தால், கோப்பையில் முக்கால் பங்கு பானமும் மீதிக்குச் சோடாவும் பிடித்துக்கொள்வது திருகைத் தொடாமலேயே இனிப்பைக் குறைக்கும் வழி. சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் வாயுவும் நீர்த்துவிடும். எனவே இந்த வகை இயந்திரத்தை வாங்குவோர், சோடாவுக்குத் தனி வால்வு உள்ள மாதிரியையே கேட்டு வாங்கலாம்; அளவுக் கோப்பை உடன் வராவிட்டால் அதையும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.