ஒரே விதி, இரண்டு போர்: வியட்நாமும் ஆப்கானிஸ்தானும் போர்டு கேமில்

ஜிஎம்டி கேம்ஸ் வெளியிட்ட இரண்டு போர்டு கேம்கள்: ‘ஃபயர் இன் த லேக்’ (2014) வியட்நாம் போரைப் பற்றியது; ‘எ டிஸ்டன்ட் ப்ளெயின்’ (2013) ஆப்கானிஸ்தான் போரைப் பற்றியது. இரண்டிலும் நான்கு தரப்பு, அடிப்படை விதிகளும் ஒன்றே. அதனால் எங்கே விதி மாறுகிறதோ அங்கேதான் இரண்டு போர்களும் வேறுபடுகின்றன என்று பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

ஆட்டம் கார்டை வைத்துத்தான் நகரும். இப்போதைய கார்டோடு அடுத்த கார்டும் திறந்தே கிடக்கும். மேல்விளிம்பில் உள்ள சின்னங்களின் வரிசைப்படி இரண்டு தரப்பு ஆடலாம். ஆடியவர்கள் அடுத்த கார்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: படையைக் குவித்தால் கெரில்லாவை அடித்துவிடலாம் என்ற நினைப்பு. கெரில்லா என்பது சிறு மர உருளை. சின்னம் பொறித்த முனை மேலே தெரிந்தால்தான் அவர் வெளிப்பட்டவர், அடிக்கலாம். முதலில் ‘ஸ்வீப்’ (தேடுதல்) செய்து புரட்ட வேண்டும், ‘அசால்ட்’ (தாக்குதல்) அப்புறம். நடுவில் எதிராளிக்கு வாய்ப்பு வந்தால் புரட்டிய உருளை மறுபடி ஒளிந்துகொள்ளும். வியட்நாம் ஆட்டத்தில் இன்னொரு வம்பு: இடையிடையே வந்து வெற்றிக் கணக்குப் பார்க்கும் ‘கூ’ (ஆட்சிக்கவிழ்ப்பு) கார்டுக்கு முந்தைய கார்டு மழைக்காலம். ஸ்வீப்பும் கிடையாது, எதிராளியின் ‘மார்ச்’ (படை நகர்வு) என்பதும் கிடையாது.

அவசரத்துக்கு ‘ஏர் ஸ்ட்ரைக்’ (விமானக் குண்டுவீச்சு) இருக்கிறது. ஒரே வீச்சில் ஆறு காய் வரை போகும். ஆனால் குண்டு விழுந்த இடத்தில் மக்கள் இருந்தால், அந்த இடம் ஒரு படி எதிர்ப்புப் பக்கம் சாயும். அமெரிக்கா ஜெயிக்க, மக்கள் ஆதரவும் களத்தில் இறக்காமல் கையில் உள்ள துருப்பு, தளங்களும் சேர்ந்து 50ஐத் தாண்ட வேண்டும். போட்ட குண்டு சொந்தக் கணக்கிலேயே விழுகிறது.

ஆட்டத்தின் உயிர், அமெரிக்காவின் கூட்டாளியான தென் வியட்நாம் அரசில், அதாவது சைகான் தரப்பில்தான். அதன் வெற்றி, தன் அணி கட்டுப்படுத்தும் மக்கள்தொகையும் ‘பாட்ரனேஜ்’ என்ற சலுகை அரசியலும் சேர்ந்து 50ஐத் தாண்டுவது. ‘கவர்ன்’ (ஆட்சி செய்தல்) என்ற நகர்வில் அமெரிக்க உதவிப் பணத்தைப் பாட்ரனேஜுக்குத் திருப்பினால், அந்த மாகாணத்தில் ஆதரவு நடுநிலையை நோக்கி இறங்கும். ஒரே நகர்வில் சைகானுக்கு ஏற்றம், வாஷிங்டனுக்கு இறக்கம். கூட்டாளிகள் மேசையில் சண்டை போட்டுக்கொள்ளவில்லை என்றால் யாரோ விதியைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆப்கான் பெட்டியிலும் இதே விரிசல் உண்டு. அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை தாண்ட வேண்டியது 30, அதன் கூட்டாளியான காபூல் அரசு தாண்ட வேண்டியது 35. மாறுவது எல்லை. வியட்நாமில் லாவோஸ், கம்போடியா வரை கை நீட்டி, வட வியட்நாம் ஆளும் ஆயுதமும் அனுப்பும் ஹோ சி மின் பாதையைக் குலைக்கலாம். இங்கே தாலிபான் பாகிஸ்தானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கூட்டுப்படைக் காய்கள் அங்கே கால் வைக்கவே முடியாது. வட வியட்நாமுக்கு இருப்பதுபோல் தாலிபானுக்குக் கட்டுக்கோப்பான ராணுவத் துருப்பும் இல்லை. நான்காவது தரப்பான போர்ப்பிரபுக்கள் விசித்திரமானவர்கள்: யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத மக்கள்தொகை 15ஐயும், கையிருப்பு 40ஐயும் தாண்டினால் அவர்களுக்கு வெற்றி. யாரும் ஆளாத நாடே அவர்களுக்கு லாபம். வியட்நாம் பெட்டியில் இதற்கு இணையே கிடையாது. ஒப்பீட்டுக்காக மட்டுமே வாங்குவதானாலும் இந்த ஒரு தரப்புக்காக வாங்கலாம்.

குறை என்றால், இரண்டு போர்களின் முடிவும் பெட்டிக்குள் இல்லை. ஒன்று 1972இல் நிற்கிறது. 1975 சைகான் வீழ்ச்சி வரை ஆட ‘ஃபால் ஆஃப் சைகான்’ கூடுதல் பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும். மற்றது 2013இல் அச்சானது. அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட 2020 தோஹா ஒப்பந்தமும் 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்ததும் அதில் வர வழியே இல்லை.

நான்கு பேர் கூடினால் மட்டுமே முழு ருசி. ஆள் குறைந்தால் காலித் தரப்பை விளக்கப்படம் பார்த்து நகர்த்தலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் கேள்வி கேள்வியாக இறங்கிப் போவதற்குள் பொறுமை போய்விடும். முதலில் வியட்நாம் பெட்டியின் 1965–67 குறுகிய ஆட்டத்தை எடுங்கள். முழு ஆட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள், பூனை ஏறாத மேசையாகப் பார்த்து.