மண்புழு உரம்: மூணு வருஷமா வீட்ல செஞ்சு பாத்த அனுபவம்

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கத்துலயும் அடியிலயும் ஓட்டை, உள்ள கிழிச்சு நனைச்ச அட்டைப்பெட்டி, அரை கிலோ புழு, இவ்ளோதான் ஆரம்பம். புழு வாங்கும்போது ஐசீனியா ஃபெட்டிடாவான்னு கேட்டு வாங்குங்க. இது மக்குற குப்பையில மேலாக வாழுற ரகம், ஆழமா மண்ணுக்குள்ள போற புழுவ டப்பாவுல விட்டா தாங்காது.

முதல் ரெண்டு மாசம் ரொம்ப கஷ்டம், காரணம் சாப்பாடு அதிகமா போட்டதுதான். தன் எடையில பாதி தினமும் திங்கும்னு எல்லாரும் சொல்றத நம்பி காய்கறித் தோல அள்ளி அள்ளி போட்டேன், புது இடத்துக்கு வந்த புழு அவ்ளோ திங்கல, மிச்சம் புளிச்சு சூடாகி நாத்தம் எடுத்து, ஒருநாள் காலைல திறந்தா பாதி புழு மூடியில ஒட்டிட்டு இருக்கு, பாக்கவே மனசு கஷ்டமா போச்சு. புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத் தோல் வழியாத்தான் மூச்சு, காத்து போகாம தண்ணி தேங்குனா மூச்சு முட்டிரும். சாப்பாட்ட நிறுத்தி காஞ்ச அட்டைய நிறைய கலந்து விட்டேன், ஒரு வாரத்துல நாத்தம் போயிருச்சு. இப்பல்லாம் போன தடவ போட்டது கரைஞ்சாத்தான் அடுத்தது, அதையும் புதைச்சுத்தான் போடுவேன், பழ ஈ குறையும். முட்டை ஓட்ட பொடியாக்கி தூவுவேன். எண்ணெய், உப்பு, கறி சேத்தது போடவே மாட்டேன். வெயில் காலத்துல டப்பா நிழல்லயே இருக்கணும், 35 டிகிரி தாண்டுனா ஆபத்து.

நாலஞ்சு மாசத்துல கருப்பா, மழை பெஞ்ச மண் வாசனையோட உரம் கிடைச்சுது. வெளிச்சத்துல குவிச்சு வச்சா புழு அடிக்கு ஓடிரும், மேலாக வழிச்சு எடுக்கலாம். சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி இருக்குற முட்டைக்கூட்ட மட்டும் பொறுக்கி திரும்ப உள்ள போட்டுருங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு குஞ்சு வரும்.

நாத்துக்கு வெறும் உரத்துலயே விதை போட்டது நான் பண்ண இன்னொரு தப்பு. தண்ணி நின்னு இறுகிப்போய் பாதி முளைக்கவே இல்ல. பத்துல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா ரெண்டு பங்கு கலந்தா போதும், அடுத்த தடவ அப்படி கலந்ததுல தண்டு நல்லா தடிமனா வந்துச்சு. வீட்டுக்குள்ள இருக்குற செடிக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு கைப்பிடி மேல்மண்ணுல கிளறி விடுறேன். மணி பிளான்ட் இலைதான் முதல்ல மாறுச்சு, பெருசா, நல்ல பச்சையா. டப்பா அடியில வடியுற தண்ணிய தொட்டிச் செடிக்கு ஊத்தாதீங்க, அது பாதி அழுகுன சாறு.

அப்புறம் தக்காளி விதைய புழுவால செரிக்க முடியாது, அதனால எந்தத் தொட்டியில உரம் போட்டாலும் கூடவே தக்காளி முளைக்கும். போன தடவ அப்படி வந்ததுல மூணு கன்ன எடுத்து தனியா வச்சிருக்கேன், இப்ப பூ விட்டிருக்கு.